பிலாத்து பங்கிராஸின் ஏழு நாள் உள்சுத்தம்

ராயப்பன்பட்டி,
ஈஸ்டருக்கு அடுத்த வியாழக்கிழமை.

கோயம்புத்தூரில் வசிப்பவரும், என் மனைவியின் ஒரே தம்பியும், இன்வெர்ட்டர் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சமீபத்தில் 'நலவாழ்வு வழிகாட்டி' என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவருமான மாப்பிள்ளை ஜெபா அவர்களுக்கு, உங்கள் மச்சான் பங்கிராஸ் ஆண்டவர் அருளை வேண்டி எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. அப்படியே தொடங்குகிறேன். உங்கள் அக்காள் ஜெசிந்தா சுகம். திராட்சைத் தோட்டம் சுகம். கொடியைக் கவாத்து வெட்டி இருபது நாள் ஆகிறது, தளிர் நன்றாக வந்திருக்கிறது. நாய் சுகம். நான் சுகமா என்பதற்கு ஒரு சொல்லில் பதில் எழுத முடியாது, அதனால்தான் ஜெசிந்தாவிடம் கத்தையாக வெள்ளைத்தாள் வாங்கிவரச் சொன்னேன். இதையே குரல் பதிவாகப் பேசி வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாதியிலே நிறுத்தி, ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உட்கார்ந்து படியுங்கள். இந்த 'நீங்கள்' எல்லாம் இந்தப் பத்தியோடு சரி. நான் மரியாதை தெரிந்தவன் என்பது விளங்கட்டும் என்று எழுதினேன். இனி நீதான்.

மாப்பிள்ளை, நம் ஊர்ப் பெரிய வெள்ளி பாஸ்கா நாடகத்தில், ஆண்டவருக்குச் சிலுவைத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து இருபத்திரண்டு வருஷமாக நான்தான் என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாண அழைப்பிதழிலேயே என் பெயரைப் 'பிலாத்து பங்கிராஸ்' என்றுதான் போட்டீர்கள், அச்சகத்துக்காரர் அது அப்பா பெயரா என்று கேட்டாராம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கொடி கட்டுவது, மருந்தடிப்பது, பழம் வெட்டுவது, இதைத் தவிர வேறு எதற்கும் என்னை யாரும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தியதில்லை. ஆனால் வருஷத்தில் ஒரு நாள், பள்ளிக்கூட மைதானத்தில், நான் சிவப்பு அங்கியோடு படியேறி நாற்காலியில் உட்கார்ந்தால் மூவாயிரம் பேர் வாயை மூடுவார்கள். மைக் இல்லாமலே என் குரல் மெயின்ரோடுவரை கேட்கும். அடுத்த ஒரு மாதத்துக்குச் சின்னப்பிள்ளைகள் என்னைக் கண்டால் அம்மா பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு எவ்வளவு பெரிது என்று வெளியே சொன்னால் வெட்கம், உன்னிடம் சொல்கிறேன். அதைப் பிடுங்கிக்கொண்டால் நான் வெறும் பங்கிராஸ்.

இந்த வருஷம் பிடுங்கப் பார்த்தார்கள். பழைய உடுப்பையெல்லாம் எலி கடித்துவிட்டதால், குவைத்தில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து புது உடுப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். சின்னமனூர் தையல்காரர் மொக்கைச்சாமி பொங்கல் கழிந்து வந்து எல்லாருக்கும் அளவெடுத்தார். ரோமர்கள் நாலு பேருக்கு ஒரே சிவப்பு, ஒரே சரிகை. தைத்து, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டைக் குண்டூசியால் குத்தி, மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டு, மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போய்விட்டார். ஒத்திகையன்று என் பெயர் இருந்த உடுப்பை எடுத்துப் போட்டேன். தலை போனது. ஒரு கை போனது. அதற்குப் பிறகு நாலு பேர் இழுத்தும் அது நெஞ்சைத் தாண்டி இறங்க மறுத்துவிட்டது. பாஸ்காவை நடத்துகிற செலின் டீச்சர், ரிட்டயராகிப் பத்து வருஷமாகியும் கையில் ஸ்கேலை விடாதவர், என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார்.

"அளவெடுத்து ஆறு வாரந்தான் ஆச்சு பங்கிராஸு. அதுக்குள்ள இப்பிடியா?"

"துணி சுருங்கியிருக்கும் டீச்சர்."

"தண்ணியே படாத துணி எங்கன சுருங்கும்? பிரிச்சு விடலாம்னா உள்ள ஒரு விரக்கடை துணிகூட விடல. பெரிய வெள்ளிக்குள்ள ஒடம்பு உள்ள போனாச் சரி. இல்லன்னா எந்தம்பிக்குப் போட்டுப் பாப்போம்."

டீச்சரின் தம்பி நல்ல மனிதர். ஆனால் அவர் பேசினால் முதல் வரிசையில் இருப்பவர்களே "என்ன சொன்னாக?" என்று பக்கத்தில் கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷம் நான் உட்கார்ந்த நாற்காலியில் அப்படி ஒரு குரலா?

அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. பயந்துபோய் ஜெசிந்தா உனக்குப் போன் போட்டாள். அதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு. உடனே நீ வீடியோவில் வந்தாய். வெள்ளைச் சட்டை, கையில் பச்சையாக ஏதோ ஒரு டம்ளர், பின்னால் ஒரு மூங்கில் செடி. "மச்சான், இது கொழுப்பே இல்ல. நச்சு. அறுவது வருசமா உள்ள சேந்த நச்சு. ஏழு நாள் டீடாக்ஸ் போட்டம்னா அஞ்சு கிலோ தானா எறங்கும்" என்றாய். எனக்குச் சுகர் இருக்கிறதே என்று நான் கேட்டேனா இல்லையா? கேட்டேன். "சுகரே ஒரு நச்சுதான் மச்சான்" என்று சொன்னாய். அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது. மூன்றாம் நாள் கூரியரில் ஒரு பச்சைப் பொடி டப்பாவும், 'ஏழு நாள் உள்சுத்தம்' என்று தலைப்புப் போட்ட ஏழு பக்கத் தாளும் வந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் உன் படம். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய்.

பெரிய வெள்ளியோடு ஏழு நாள் முடியட்டும் என்று பொறுத்திருந்து, குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் தொடங்கினேன். தோட்டத்தில் திராட்சைப் பெட்டி நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் ஏறி நின்றேன். எண்பத்து நாலு கிலோ இருநூறு கிராம். முதல் நாள் எலுமிச்சைத் தண்ணீர் எட்டு டம்ளர், பொடி இரண்டு கரண்டி, அவ்வளவுதான் சாப்பாடு. சாயங்காலம் தலை பிளந்தது. உனக்குப் போன் போட்டேன். "சூப்பர் மச்சான், நச்சு வெளியேறுது" என்றாய். இரண்டாம் நாள் வெண்பூசணிச் சாறு. குருத்தோலைப் பவனியில் கால் பின்னியது. ஓலையை ஊன்றுகோலாகப் பிடித்து நடந்தேன். "நச்சு மச்சான், கால் வழியா எறங்குது" என்றாய். மூன்றாம் நாள் நாக்கில் வெள்ளையாகப் படிந்தது. அதுவும் நச்சு. கை நடுங்கியது, அதுவும் நச்சு. ஒரு காரணமும் இல்லாமல் ஜெசிந்தாவைத் திட்டிவிட்டேன். "கோவமா வெளியேறுது மச்சான், தடுக்காதீக" என்று சொன்னாய். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உன் அக்காள், "இருவத்தெட்டு வருசமா வெளியேறிக்கிட்டுத்தான் இருக்கு, இன்னும் தீரலையாக்கும்" என்று சொல்லிவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். மாப்பிள்ளை, அந்த வாசனை தெருமுனைவரை போய் என்னைத் தேடித் திரும்பி வந்தது.

ஆனால் நான் ஒழுங்கானவன். தாளில் போட்டிருந்தபடி எல்லாம் செய்தேன். சாப்பாட்டை விட்டாலும் சுகர் மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை கோவிலில் பாவசங்கீர்த்தனம், கூண்டுக்குள் இருக்கும் சாமியாரிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பாவத்தைச் சொல்ல வேண்டும். அன்றுதான் உன் பொடி தன் வேலையை முழு மூச்சாக ஆரம்பித்தது. வரிசையில் நின்ற நான் மூன்று தரம் பாதியில் விலகி வீட்டுக்கு ஓடினேன். மூன்று தரமும் திரும்பி வந்து கடைசியில் நின்றேன். பின்னால் இருந்தவர்கள் இவன் ஏதோ பெரிய பாவம் செய்திருக்கிறான், சொல்லத் தைரியம் வராமல் ஓடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாஸ்காவில் என் பக்கத்தில் வேல் பிடித்து நிற்கும் நூற்றுவர் தலைவன் அமல்ராஜ், நம் எதிர்வீட்டுக்காரர், ஒல்லியான மனுஷன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்கண்ணே, நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார். கடைசியாக என் முறை வந்தது. மற்ற பாவங்களைச் சொல்லி முடித்து, நாலு நாளாக நான் அன்னம் தண்ணி இல்லாமல் தவம் இருப்பதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அறுவது தாண்டுனவுகளுக்கு ஒருசந்தி நோன்பு கடன் இல்ல. நோயாளிக்கும் இல்ல. ஒங்களுக்கு ரெண்டும் இருக்கு. அப்பறம் யாருக்காக இருக்கீக?" என்று சாமியார் கேட்டார்.

அங்கே போய்ப் பொய் சொல்ல முடியுமா? "உடுப்புக்காகச் சாமி" என்றேன்.

உள்ளே இருமல் கேட்டது. இருமலாகத்தான் இருக்க வேண்டும். பிறகு எனக்குப் பரிகாரம் கொடுத்தார்: "நேரா வீட்டுக்குப் போயி ரெண்டு இட்லி சாப்புடுங்க. அதான் பரிகாரம்." மாப்பிள்ளை, திருச்சபையே எனக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது, உன் ஏழு பக்கத் தாள் கொடுக்கவில்லை. நானோ திருச்சபையை விட்டுவிட்டு உன் தாளைப் பிடித்துக்கொண்டேன். அன்று காலையில்தான் தராசு எண்பது கிலோ தொள்ளாயிரம் காட்டியிருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் இறங்கிய பெருமையில் இருந்தவன் இட்லியைத் தொடுவேனா? பரிகாரம் செய்யாத பாவத்தோடுதான் பெரிய வெள்ளிக்குப் போனேன்.

பெரிய வெள்ளி காலையில் தராசில் எழுபத்தொன்பது எழுநூறு. நாலரைக் கிலோ போயிருந்தது. தராசைக் கும்பிட்டுவிட்டு உடுப்பை எடுத்தேன். தலை போனது, கை போனது, ஒத்திகையன்று எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்தில் நின்றது. ஒரு நூல்கூட இறங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெசிந்தா கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பக்கத் தையலையும் பிரித்தாள். பதினாறு ஊக்குப் போட்டுப் பிடித்து, மேலே ஒரு சிவப்புச் சால்வையைப் போர்த்தினாள். "முன்னால மட்டும் பாருங்க, பக்கவாட்டுல திரும்பாதீக" என்றாள். நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பத்தரை மணி வெயில். மேடைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு ஏறினேன். கூட்டம் வாயை மூடியது. அந்த மௌனத்தைக் கேட்டதும் பட்டினியெல்லாம் மறந்துபோனது, முதல் வசனம் மெயின்ரோட்டைத் தாண்டிப் போனது. கையைக் கட்டி ஆண்டவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆண்டவராக நடிப்பது விஜய்ராஜ், வாழை மண்டியில் தார் ஏற்றி இறக்குகிற பிள்ளை, உனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு முகம் தெரிந்தது. இவனை நான் என்ன செய்ய வேண்டும் என்று மக்களைப் பார்த்துக் கேட்க வேண்டிய இடம். வசனம் வரவில்லை. "மணி என்னாச்சு?" என்று கேட்டுவிட்டேன். கூட்டம் ஒத்திகையில் பழகியபடி, "சிலுவையில அறையும்!" என்று கத்தியது. அதற்குப் பிறகு பித்தளைத் தாம்பாளத்தில் கைகழுவத் தண்ணீர் வந்தது. மண்பானைத் தண்ணீர் மாப்பிள்ளை. மேலே குளிர்ச்சி ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பழியில் எனக்குப் பங்கில்லை என்று மக்கள் முன்னால் கையைக் கழுவ வேண்டிய நான், தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கி மடமடவென்று குடித்துவிட்டேன். சொட்டு மிச்சமில்லாமல். திரைக்குப் பின்னாலிருந்து செலின் டீச்சர், "கையி! கையி!" என்று ஸ்கேலால் பலகையில் தட்டினார். நான் காய்ந்த கையைத் தூக்கி மக்களுக்குக் காட்டிவிட்டு, "இன்னுங் கொஞ்சம்" என்றேன்.

பிறகு மைதானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாற்காலியிலிருந்து முன்னால் விழுந்தேன். ஊக்கு ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தம் காதில் விழுந்தது, பதினாறையும் எண்ணியிருப்பேன். அதற்குள் விஜய்ராஜ் கட்டை உதறிவிட்டு ஒரே தாவாகத் தாவி, தரையில் விழுமுன் என்னைத் தாங்கிப் பிடித்துவிட்டான். தார் தூக்கிப் பழகிய கை. என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முள்முடி என் நெற்றியில் குத்தக் குத்தக் குனிந்து, "மாமா, கண்ணத் தெறங்க, நான் இருக்கேன்" என்றான். பிறகு பெண்கள் பக்கத்தில் அழ ஆரம்பித்தார்கள். மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த ஒரு அம்மா, "தீர்ப்புச் சொன்னவனையே தூக்கி மடியில போட்டுக்கிட்டாரே ஆத்தா, இந்த வருசம் புதுசாச் சேத்துருக்காக" என்று சொல்லி அழுதாராம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கண்ணீர் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஆண்டவருக்குத் தண்டனை கொடுத்தே பழகியவன் நான். அவர் மடியில் படுத்தது அதுதான் முதல் தரம். அது நச்சு வெளியேறியதாக எனக்குத் தோன்றவில்லை.

அமல்ராஜ் வேலைக் கீழே போட்டுவிட்டு, "சுகரு! அண்ணனுக்குச் சுகரு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, தன் அட்டைக் கவசத்துக்குள் கையை விட்டு ஒரு கடலைமிட்டாயை எடுத்து என் வாயில் வைத்தார். போர்வீரன் கவசத்துக்குள் கடலைமிட்டாய் எதற்கு என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. ஒரு ஆட்டோவில் ஆண்டவர், பிலாத்து, நூற்றுவர் தலைவன் மூன்று பேரும் உத்தமபாளையம் போனோம். கிளினிக்கில் நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள், உடம்பெல்லாம் சாயரத்தம் வழிய நின்ற விஜய்ராஜைப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டார்கள். "நான் இல்ல சிஸ்டர், இவரு" என்று அவன் எழ எழ, "பேசாம படுப்பா" என்று அமுக்கினார்கள். அவன் தப்பித்து அதே ஆட்டோவில் ஊருக்குத் திரும்பும்வரை மூவாயிரம் பேர் வெயிலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நின்றார்கள். இந்த வருஷம் சிலுவைப்பாதை என்னால் ஒன்றே கால் மணி நேரம் தாமதம்.

அங்கே இருந்தது டாக்டர் சாதியா. நம் திராட்சையை வாங்கும் கம்பத்து வியாபாரி ஷரீப்பின் மகள். சர்க்கரை நாற்பத்தாறுதான் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, கண் தெளிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். ஜெசிந்தாவைத் தாளோடும் பொடி டப்பாவோடும் வரச் சொல்லி, பொடியை மோந்து பார்த்துவிட்டு ஏழு பக்கமும் படித்தார். உன் படத்தையும் பார்த்தார்.

"நச்சு நச்சுன்னு போட்டிருக்காகளே மாமா, எந்த நச்சுன்னு எங்கனயாச்சும் பேரு போட்டிருக்காகளா?"

நான் வாங்கிப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை. மாப்பிள்ளை, எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் முப்பது வருஷமாகத் தோட்டத்துக்கு மருந்து வாங்குகிறவன். ஒரு சின்னப் புட்டியில்கூட உள்ளே என்ன விஷம், எவ்வளவு, தவறி வயிற்றுக்குள் போனால் முறிவு என்ன, எல்லாம் எழுதியிருக்கும். பெயர் இல்லாத விஷத்தைப் பெயர் இல்லாத பொடியால் எடுக்க நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

"கல்லீரலு, சிறுநீரகம்னு ரெண்டு இருக்குல்ல மாமா? அந்த வேலையத்தான் அதுக பொறந்ததுலருந்து பாத்துக்கிட்டிருக்குதுக. ஒங்களுக்கு ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. அதுகளுக்கு ஒத்தாசைக்கு ஆள் தேவையில்ல. கெட்டுப்போச்சுன்னா டாக்டர்தான் பாக்கணும், பொடி பாக்காது."

"அப்ப அந்த நாலரைக் கிலோ?"

"தண்ணி. அந்தப் பொடியில பேதிக்குக் குடுக்குற எலையும் கெடக்கு. கொஞ்சம் சதையும் கரைஞ்சிருக்கும். தொப்பை அங்கனயேதான் இருக்கு. சோறு தின்ன ஆரம்பிச்சா ஒரே வாரத்துல எல்லாம் திரும்பி வந்துரும். ஆனா சாப்புடாம சுகர் மாத்திரையப் போட்டீகளே, அதுதான் ஆளையே கொண்டுபோயிருக்கும். நானும் இப்ப நோன்புலதான் இருக்கேன். எங்க ஆளுகள்ல மாத்திரை போடுறவுகளுக்கு நோன்பு வக்கிறதுக்கு முன்னாடியே மாத்திரைய மாத்திக் குடுப்போம், செல பேர வைக்கவே வேணாம்னுருவோம். நீங்க யாரக் கேட்டீக?"

மைத்துனனைக் கேட்டேன் என்று நான் சொல்வதற்குள் ஜெசிந்தா சொல்லிவிட்டாள். சாயங்காலம் பாங்கு சொன்னதும் டாக்டர் ஒரு பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்துவிட்டு, வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார். "கறி போடல மாமா, காய்கறிக் கஞ்சிதான். இன்னைக்கு ஒங்களுக்குப் பெரிய வெள்ளின்னு தெரியும்" என்றார். ஏழு நாளைக்குப் பிறகு என் வயிற்றுக்குள் போன முதல் சாப்பாடு அதுதான். அதற்கு என்ன ருசி என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. எடை குறைக்க வேண்டுமானால் தினம் ஒரு மணி நேரம் நடங்கள், சோற்றில் பாதியைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள், மாதம் ஒன்றரை இரண்டு கிலோ இறங்கினால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். நேற்றுத் தராசில் ஏறினேன். எண்பத்து மூன்று எழுநூறு. அந்தப் பெண் சொன்னபடி எல்லாம் வீடு திரும்பிவிட்டது.

நாற்காலியைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. ஈஸ்டருக்கு மறுநாள் செலின் டீச்சர் வந்தார். கையில் ஹார்லிக்ஸ். ஸ்கேலைக் காணவில்லை. "பங்கிராஸு, கூட்டம் போட்டுப் பேசிட்டோம். எந்தம்பி மாட்டேனுட்டான். மேடையில மயங்கி விழுந்தும் கூட்டத்தக் கையில வச்சிருக்குற ஆள வேற எங்கன போயித் தேடுறது? அடுத்த வருசமும் நீங்கதான் பிலாத்து" என்றார். நான் எழுந்து கும்பிட்டேன். "ஆனா ஒண்ணு, தாம்பாளத் தண்ணியில உப்பு அள்ளிப் போட்டுத்தான் வைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே மாப்பிள்ளை, உன் மேல் எனக்குக் கோபம் உண்டு, பகை இல்லை. நீ என் மேல் உள்ள பாசத்தில்தான் அனுப்பினாய், காசுகூட வாங்கவில்லை. ஆனால் இன்றோடு அந்தத் தாளைக் கிழித்துப் போடு. ஊரில் எத்தனை பேர் மாத்திரை போடுகிறவர்கள், எல்லாருக்கும் ஒரு விஜய்ராஜ் பக்கத்தில் நிற்பானா? பழையபடி இன்வெர்ட்டர் விற்றுக்கொண்டிரு. அதில் நீ கெட்டிக்காரன். நம் வீட்டில் நீ வைத்தது பதினொரு வருஷமாக ஓடுகிறது. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதா உங்கள் எல்லாரையும் தன் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீங்கள் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அன்பு மச்சான்
பங்கிராஸ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மொக்கைச்சாமி வந்துவிட்டார். திருப்பூரில் பேத்தி பிறந்திருக்கிறதாம், லட்டுக் கொண்டுவந்தார். கிழிந்த உடுப்பைத் தைத்துக் கொடுக்கலாம் என்று வாங்கி, உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இத யாரு போட்டா?" என்றார். நான்தான் என்றேன். "இது ஒங்களுக்குத் தச்சது இல்லையேண்ணே, அமல்ராஜ் அண்ணனுக்குல்ல தச்சேன்" என்றார். போனில் விசாரித்தால், டீச்சர் வீட்டில் இஸ்திரி போடும்போது சீட்டைக் கழற்றி, திரும்பக் குத்தும்போது மாற்றிக் குத்தியிருக்கிறார்கள். எதிர்வீட்டிலிருந்து அமல்ராஜைக் கூப்பிட்டு அவர் உடுப்பைக் கொண்டுவரச் சொன்னோம். போட்டேன். எண்பத்து மூன்று எழுநூறும் உள்ளே போய், இன்னும் ஒரு லட்டுக்கு இடம் இருந்தது. ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அமல்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை. ஒத்திகையன்று அந்த உடுப்புக்குள் தன்னைப்போல் இரண்டு பேர் போகலாம் என்று இருந்ததாம். ஆறு வாரத்தில் இப்படி இளைத்துவிட்டோமே, என்ன சீக்கோ என்று பயந்து, வீட்டில் சொல்லாமல் தேனிக்குப் போய் ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்திருக்கிறார். ஒன்றும் இல்லை என்று சொல்லியும் நம்பாமல், தினம் ஆறு முட்டை, நாலு நேந்திரம்பழம், கவசத்துக்குள் கடலைமிட்டாய் என்று மனுஷன் ஒரு மாதமாகத் தின்றுகொண்டே இருந்திருக்கிறார். இப்போது நாலு கிலோ ஏறியிருக்கிறது. மொக்கைச்சாமி பிரிந்த பக்கங்களைத் தைத்துக் கொடுத்ததும், தனக்குத் தைத்த உடுப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தார். தலை போனது, ஒரு கை போனது. "அண்ணே, அடுத்த வருசம் டீச்சர் என்னிய மாத்திருவாகளே" என்று என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்க மச்சினரு குடுத்த அந்தப் பொடி மிச்சம் இருக்காண்ணே?" என்று கேட்டார். மேலே இத்தனை பக்கம் எழுதியவன் நான்தான். ஆனால் மேடையிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்ற அந்தப் பயம் எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. அவருக்குச் சுகரும் இல்லை, வயதும் நாற்பத்தைந்துதான், இரண்டே நாள் என்றால் என்ன ஆகிவிடும் என்று டப்பாவை எடுக்கப் பரணில் ஏறினேன். நான் ஏறியதும் ஜெசிந்தா ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சட்டைப்பையில் பேனாவும் இந்தக் கடிதமும் இருந்ததால் இங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கீழே அவள் அமல்ராஜைக் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போடும் சத்தம் கேட்கிறது. இதுவரை என்னைக் கூப்பிடவில்லை.